ஒத்தையா ரெட்டையா ஆடறதுக்கு எதுக்குய்யா ஆறு போகிமான்?

போட்டி போகிமான் ஆடுறவங்ககிட்ட போய் "இந்த ஒன்பதாவது தலைமுறைல டீம் கட்டவே முடியலப்பா"ன்னு புலம்பிப் பாருங்க. ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "அந்த ஐட்டத்த பேன் பண்ணணும் தலைவா". இன்னொண்ணு, "உனக்கு ஆடத் தெரியல, கத்துக்கிட்டு வா தம்பி". ரெண்டுமே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி கம்மியா இருக்கிற நாளா பாத்துப் படிங்க.

பிகாச்சுவ 2003ல கார்ட்டூன் நெட்வொர்க்ல பாத்ததோட சரின்னு இருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இது டிவில அந்தப் பையன் "பிகாச்சு, மின்சாரத்த பாய்ச்சு"ன்னு கத்தின ஆட்டம் இல்ல. கன்சோல் கூட வேணாம், போகிமான் ஷோடவுன்னு ப்ரவுசர்லயே ஓடுற இலவச சிமுலேட்டர் இருக்கு. ஆறு போகிமான். ஒவ்வொண்ணுக்கும் நாலு தாக்குதல், கையில ஒரு பொருள், ஒரு சிறப்புக் குணம். மொத்தம் 18 வகை: நெருப்பு, தண்ணி, புல்லுன்னு ஆரம்பிச்சு பேய், எஃகு, டிராகன் வரைக்கும். எது எதை அடிக்கும், எதுகிட்ட அடி வாங்கும்னு ஒரு அட்டவணை. அத மனப்பாடம் பண்ற நேரத்துல ரெண்டு அரியர் க்ளியர் பண்ணியிருக்கலாம், அது வேற கதை :-)

இதுல எதை விடலாம், எதைத் தூக்கணும்னு விதி போடுறது நின்டெண்டோ கிடையாது, ஸ்மோகன்னு ஒரு ரசிகர் கூட்டம். அவங்களோட முக்கியமான பிரிவுக்கு ஓயூன்னு பேர். ரொம்ப ஆட்டம் போடுற போகிமான ஓட்டெடுப்பு வெச்சு மேல 'உபர்ஸ்'ங்கிற பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. அதைத்தான் பேன்னு சொல்றோம். நான் சொல்லப் போறது பூரா இந்த ஓயூ பத்திதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். டீம் கட்டுறதுல அப்படி என்ன கஷ்டம்?

ஆறு இடம்தான் இருக்கு. ஆனா வேலை ஆறுக்கு மேல. எதிரி மண்ணுல கல்லு, முள்ளு போட ஒருத்தன். நம்ம மண்ணுல அவன் போட்டத பெருக்க ஒருத்தன். வேகமா ஓடி அடிக்க ஒருத்தன். சுவரை உடைக்க ஒருத்தன். அடி வாங்க ரெண்டு பேராவது. இதுக்கு மேல, அந்த மாசம் எல்லாரும் தூக்கிட்டு வர்ற நாலஞ்சு பெரிய தலைங்களுக்கு ஆளுக்கொரு பதில் வேணும். ஒரே ஆளு மூணு வேலை பாக்கணும். நம்ம கம்பெனில ஒருத்தன் ரிசைன் பண்ணா பக்கத்து சீட்டுக்காரன் தலைல கட்டுவாங்களே, அதே கணக்கு.

ஸ்கார்லெட்-வயலெட் 2022 நவம்பர்ல வந்தப்போ இந்தக் கணக்கு எப்படிச் சிக்கலாச்சுன்னு ஒரே ஒரு ஆளை வெச்சு சொல்றேன். கோல்டெங்கோ. எஃகும் பேயும் கலந்த தங்கக் காசுப் பையன். அவனோட குணத்துக்குப் பேர் 'குட் அஸ் கோல்ட்'. அவன்மேல எந்த ஸ்டேட்டஸ் வித்தையும் பலிக்காது. இது வெறும் தற்காப்புதானேன்னு தோணும். ஆனா மண்ணுல கிடக்கிற முள்ளைப் பெருக்குறதுக்கு ரெண்டு முக்கியமான வழி இருக்கு பாருங்க: டிஃபாக், ராபிட் ஸ்பின். டிஃபாக் ஸ்டேட்டஸ் வித்தை, அதனால அவன்மேல பலிக்காது. ராபிட் ஸ்பின் நார்மல் வகை, பேய்மேல படாது. ஒரே ஆளு உள்ள வந்து நின்னா ரெண்டு துடைப்பமும் குப்பைக்குப் போச்சு. விளைவு, ஊர் பூரா முள்ளு. அதை மிதிக்காம இருக்க எல்லா போகிமானுக்கும் 'ஹெவி டியூட்டி பூட்ஸ்' மாட்ட ஆரம்பிச்சாங்க. பூட்ஸ் மாட்டுனா கையில வேற பொருள் எடுக்க முடியாது. ஒரு போகிமானோட ஒரு குணம், எதிர்ல இருக்கிற ஆறு பேரோட கைப்பொருளையும் தீர்மானிக்குது!

கேட்டா பயங்கரமா இருக்குல்ல? ஆனா என்னோட கோபம் கோல்டெங்கோ மேல இல்ல. ஏன்னா அவன் யாருன்னு எனக்குத் தெரியும். டீம் ப்ரிவ்யூல அவன் மூஞ்சி தெரிஞ்சதுமே, எஃகு-பேய், நிலத்துக்கும் நெருப்புக்கும் பயப்படுவான்னு நான் கணக்குப் போட்டுக்கலாம். கிரேட் டஸ்க் வெச்சிருந்தா முதல்ல ஹெட்லாங் ரஷ்ல ஒரு நிலத்தடி கொடுத்து அவன விரட்டிட்டு அப்புறம் சுழலலாம். கஷ்டம்தான், ஆனா அது யோசிச்சா தீருற கஷ்டம்.

பலமான ஆளுங்க எப்பவும் இருந்திருக்காங்க. நாலாவது தலைமுறைல கார்சோம்ப் பண்ணாத அட்டகாசமா? 2008ல உபர்ஸுக்கு அனுப்பினாங்க. ஐஸ் அடி நாலு மடங்கு விழும்னு ஊருக்கே தெரியும், கையில ஒரு யாச்சி பெர்ரிய வெச்சுக்கிட்டு அந்த அடியையும் தாங்கிட்டுத் திருப்பி அடிக்கும். இருந்தாலும் ஆட்டம் முடியறவரைக்கும் அது டிராகன்-நிலம்தான். நடுவுல திடீர்னு மீனா மாறிடாது. அஞ்சாவது தலைமுறைல தவளை ராசா பொலிடோட் உள்ள வந்தாலே ஓயாத மழை. அந்த மழைல வேகம் ரெட்டிப்பாகிற மீனுங்கள வெச்சு எல்லாரையும் அடிச்சு நொறுக்கினாங்க. 2011ல ஸ்மோகன் என்ன பண்ணுச்சு? மழையத் தூக்கல, மீனையும் தூக்கல. டிரிசில் குணமும் ஸ்விஃப்ட் ஸ்விம் குணமும் ஒரே டீம்ல இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அப்புறம் எட்டாவது தலைமுறை. டைனமேக்ஸ். கிட்டத்தட்ட எந்த போகிமானும் மூணு டர்னுக்கு ராட்சசனா வீங்கலாம். கேம் வந்தது 2019 நவம்பர். டிசம்பர்லயே ஓயூல இருந்து டைனமேக்ஸையே மொத்தமா தூக்கிட்டாங்க. வீங்குன போகிமான் ஒவ்வொண்ணா பேன் பண்ணிட்டு இருக்கல, வீக்கத்தையே பேன் பண்ணாங்க. சபாஷ்.

இப்ப 2022. டெராஸ்டல். சுருக்கமா டெரா. ஆட்டத்துக்கு ஒரு தடவை, உங்க ஆறுல ஏதாவது ஒண்ணு தன்னோட வகையவே மாத்திக்கலாம். 18 வகைல எதுவா வேணாலும். 2023 டிசம்பர் டிஎல்சில ஸ்டெல்லார்னு 19வது ஒண்ணும் சேத்துட்டாங்க. மாறினா மாறினதுதான், ஆட்டம் முடியறவரைக்கும். பழைய வகையோட தாக்குதல் பலம் அப்படியே இருக்கும், புது வகைக்கும் பலம் சேரும். எந்த வகைன்னு டீம் கட்டும்போதே ரகசியமா தேர்ந்தெடுத்து வெச்சிருப்பாங்க. எதிராளிக்குத் தெரியாது. ஆறு போகிமானுக்கு 19 வகைன்னு போட்டா 4 கோடியே 70 லட்சத்து சொச்சம் சேர்க்கை வருது. (அதுல முக்கால்வாசி எவனும் எடுக்க மாட்டான்னு எனக்கும் தெரியும். சும்மா இஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு பெருக்கல்.)

ஒரு உதாரணம். 2023ல தாம்பரத்துல இருந்து ஒரகடம் போற கம்பெனி பஸ்ல, படப்பை நெரிசல்ல ஆடின ஆட்டம். கடைசில ஒத்தைக்கு ஒத்தை. என்கிட்ட கிரேட் டஸ்க். அவன்கிட்ட கிங்காம்பிட், பாதிக்கும் கீழ உயிர். என் டெராவ ஏற்கெனவே செலவழிச்சாச்சு, அவன்து பாக்கி. கிங்காம்பிட் தெரியும்ல? இருள்-எஃகு வகை. செத்துப்போன ஒவ்வொரு கூட்டாளிக்கும் பத்து சதவீதம் பலம் ஏறும். அஞ்சு பேரும் செத்தாச்சு, அப்ப அம்பது சதவீதம். அவன் அடிய நான் ஒண்ணு தாங்குவேன், ரெண்டாவது தாங்க மாட்டேன். ஆக எனக்கு ஒரே ஒரு அடி.

சாதாரணமா பாத்தா க்ளோஸ் காம்பாட். இருள்-எஃகு மேல நாலு மடங்கு. அவன் டெரா பேயா இருந்தா? சுத்தமா படாது. சரி, ஹெட்லாங் ரஷ். சாதா கிங்காம்பிட்டா இருந்தாலும் சாகும், பேயா மாறினாலும் சாகும், நெருப்பா மாறினாலும் சாகும். பறவை வகையா மாறிட்டா? நிலத்தடி பறவைமேல படாது. பறவைக்கு ஐஸ் ஸ்பின்னர் சரியா இருக்கும். அவன் மாறவே இல்லேன்னா? ஐஸ் எஃகுமேல கீறல் கூட போடாது.

பறக்குமா, பறக்காதா. அவ்வளவுதான் கேள்வி. முப்பது டர்ன் யோசிச்சு ஆடின ஆட்டம், கடைசில உள்ளங்கையில புளியங்கொட்டைய மூடி வெச்சுக்கிட்டு "ஒத்தையா ரெட்டையா?"ன்னு கேக்குற ஆட்டமா ஆயிடுச்சு. நான் ஹெட்லாங் ரஷ் அமுக்கினேன். அது பறந்துடுச்சு.

இங்கதான் "கத்துக்கிட்டு வா தம்பி" கோஷ்டி உள்ள வரும். "வகை தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்ப? பறவைன்னு தெரிஞ்சாலும், அவன் மாறுவானா மாட்டானான்னு கடைசி டர்ன்ல யூகம்தானே?" நல்ல கேள்வி. பதில் கடைசி டர்ன்ல இல்ல, அதுக்குப் பத்து டர்ன் முன்னாடி இருக்கு. என்கிட்ட ரோட்டம்-வாஷ் இருந்துச்சு. அது வில்-ஓ-விஸ்ப் போட்டு கிங்காம்பிட்ட சுட்டுட்டா அதோட அடி பாதியாயிடும். நான் அடிக்காம இப்படி ஸ்டேட்டஸ் வித்தை போடுற டர்ன்ல அதோட சக்கர் பஞ்சும் பலிக்காது. ஆனா டெரா நெருப்பா இருந்தா சுட முடியாது. எது வரும்னு தெரியாதப்போ ரோட்டம நம்பி வெச்சிருக்கவும் முடியாது, நடு ஆட்டத்துல வேற ஆள காப்பாத்த அத காவு கொடுத்தேன். பறவைன்னு ப்ரிவ்யூலயே காட்டியிருந்தா? ரோட்டம பொத்திப் பொத்தி வெச்சிருப்பேன். மாறலேன்னா சுடுவேன், பறவையா மாறினா சுடவும் செய்யலாம், மின்சாரமும் பாய்ச்சலாம். அவனும் அது தெரிஞ்சு முதல்ல என் ரோட்டம கொல்லப் பாப்பான். நான் மறைப்பேன். ரெண்டு பேரும் யோசிப்போம். அதுக்குப் பேருதான் ஆட்டம். அறிவு தேவைப்படற இடம் அந்தப் பத்தாவது டர்ன். டெராவ மறைச்சு வெச்சதால அந்த டர்னே காணாமப் போச்சு.

இப்ப "பேன் பண்ணு" கோஷ்டிக்கு வருவோம். இவங்கமேல எனக்குக் கோபம் கூடவே இருக்கு, ஏன்னா இவங்க பேச்சு கேக்க நியாயமா இருக்கும்.

நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல ஆரம்பிச்சு ஒரகடம் வரைக்கும் எந்த ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிக்குள்ள போனாலும் சுவத்துல 'வை-வை அனாலிசிஸ்'னு ஒரு சார்ட் தொங்கும். டொயோட்டாக்காரன் பழக்கி விட்டது. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, சிவப்புத் தொட்டில தூக்கிப் போட்டுட்டு வந்துட முடியாது. ஏன் ரிஜெக்ட் ஆச்சு? ஓட்டை தள்ளிப் போச்சு. ஏன் தள்ளிப் போச்சு? பிக்ஸ்சர் லூஸ். ஏன் லூஸ்? இப்படி அஞ்சு ஏன் கேக்கணும். "கெட்ட பீஸ் எல்லாத்தையும் தூக்கிட்டோம் சார்"னு மட்டும் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா, கஸ்டமர் ஆடிட்டர் மூஞ்சில விட்டெறிவார். அது கன்டெயின்மென்ட், தீர்வு இல்லம்பார்.

ஸ்மோகன் பண்ணினது அந்தச் சிவப்புத் தொட்டி வேலை. ஒவ்வொரு பீஸா தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாத்துக்கும் டெராதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஃப்ளட்டர் மேன், அயர்ன் பண்டில், பாலாஃபின் எல்லாம் டெரா இல்லாட்டியும் ஓயூல இருந்திருக்க முடியாத ஜென்மங்க, வந்த கொஞ்ச நாள்லயே போனது சரிதான். ஆனா ரெஜிஎலெகி கதையப் பாருங்க.

ரெஜிஎலெகி சுத்த மின்சார வகை. வேகம் 200, அதுக்கு மேல எந்த போகிமானுக்கும் அடிப்படை வேகம் கிடையாது. எட்டாவது தலைமுறைல அது ஓயூல சாதாரணமா ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஏன்? மின்சாரத்த விட்டா அதுகிட்ட சொல்லிக்கிற மாதிரி வேற அடியே இல்ல. ஒரு நில வகை உள்ள வந்தா முடிஞ்சுது கதை. ஒன்பதாவது தலைமுறைல அதோட டிரான்சிஸ்டர் குணத்த 1.5 மடங்குல இருந்து 1.3 மடங்கா குறைச்சாங்க. பலம் குறைஞ்சிருக்கு, கவனிங்க. ஆனா 2023ல அது இந்தத் தலைமுறைக்கு வந்தப்போ இடம் ஓயூ இல்ல, உபர்ஸ். பலம் குறைஞ்சவன எதுக்கு மேல அனுப்பணும்? ஏன்னா டெரா ஐஸ் வெச்சுக்கிட்டு டெரா பிளாஸ்ட் அடிச்சா, எந்த நில வகை அதத் தடுக்க வந்துச்சோ அதுவே செத்துச்சு. அதே போகிமான், கம்மி பலம், மாறுனது ஒண்ணே ஒண்ணு. ஏன்-ஏன்னு கேக்க அஞ்சு கட்டம் கூட வேணாம், ரெண்டு போதும்.

அனிஹிலேப் போச்சு. எஸ்பாத்ரா போச்சு. ஒவ்வொண்ணும் போகும்போது "அப்பாடா, இனிமே டீம் கட்டலாம்"னாங்க. அடுத்த வாரம் வேறொண்ணு தலையத் தூக்கும். டிராகனைட்ட எடுத்துக்கோங்க, ஐஸ் அடிச்சா நாலு மடங்கு விழுற சாதுவான பழைய டிராகன். அது டெரா நார்மலா மாறி எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் அடிக்குமா, டெரா எஃகா மாறி ஐஸைத் தாங்குமான்னு தெரியாம எத்தனை டீம் காலி!

இதுதான் டீம் கட்டுறதுல இருக்கிற நிஜமான கஷ்டம். பத்து பெரிய தலைங்க இருந்தா பத்துக்கும் ஆறு பேர வெச்சு எப்படியோ பதில் தேடிடலாம், அந்தக் காலத்துல இருந்து அதத்தானே பண்றோம். ஒவ்வொரு தலைக்கும் மூணு நாலு முகமூடின்னா அது முப்பது நாப்பது எதிரி. நம்ம இடம் அதே ஆறுதான். அப்புறம் என்ன பண்ணுவாங்க? தற்காப்பு யோசிக்கிறத விட்டுடுவாங்க. "எவன் முதல்ல அடிக்கிறானோ அவன் ஜெயிப்பான்"னு ஆறு அடியாள வெச்சு டீம் கட்டுவாங்க. எதிராளி டீம் வாகா மாட்டினா ஜெயிப்பு, இல்லேன்னா அடுத்த மேட்ச். இதுக்கு லாட்டரிச் சீட்டே வாங்கலாம். அதையும் தமிழ்நாட்டுல 2003லயே தடை பண்ணிட்டாங்க.

டெராவுக்கு ஆதரவா பேசுறவங்ககிட்ட ஒரு நல்ல வாதம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். டெரா அடிக்கிறவனுக்கு மட்டும் இல்ல, அடி வாங்குறவனுக்கும் உதவுது. மூலைல கிடந்த போகிமானுக்கெல்லாம் வாழ்வு கொடுத்திருக்கு. டீம் கட்டுறதுல புதுசா யோசிக்க இடம் இருக்கு. மூணும் உண்மை. அதனாலதான் டெராவ டைனமேக்ஸ் மாதிரி மொத்தமா தூக்குன்னு நான் சொல்லல. காட்டிட்டு ஆடுன்னுதான் சொல்றேன். டீம் ப்ரிவ்யூல ஆறு மூஞ்சியும் தெரியுதுல்ல, பக்கத்துலயே டெரா வகையும் தெரியட்டும். ரெஜிஎலெகி இதனால திரும்ப வந்துடுமான்னா, வராதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா கிங்காம்பிட்டும் டிராகனைட்டும் யோசிச்சா தீருற கஷ்டமா ஆயிடும்.

இது என் சொந்தச் சரக்கும் இல்ல. கேம் கம்பெனியே நடத்துற விஜிசி போட்டில, 2023ல இருந்து பெரிய போட்டிகள்ல ரெண்டு பேரும் டீம் ஷீட்ட மாத்திக்கணும். தாக்குதல், பொருள், குணம், டெரா வகை எல்லாம் அதுல எழுதியிருக்கும். அந்த வருஷம் யோகோஹாமால நடந்த உலகப் போட்டில ஆடினவங்களும் எதிராளி டெராவ தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஆடினாங்க. அங்க யாரும் "ஆச்சரியம் போச்சே"ன்னு அழுத மாதிரி தெரியல. அது ரெட்டையர் ஆட்டம், ஓயூ ஒத்தையர் ஆட்டம், வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஒத்தையர்லதான் ஒரு தப்பு யூகத்துக்கு விலை இன்னும் ஜாஸ்தி. பக்கத்துல காப்பாத்த ஆளே இல்லையே!

ஸ்மோகனுக்கும் இது தெரியாததில்ல. கேம் வந்த சில வாரத்துலயே டெராமேல ஓட்டெடுப்பு வெச்சாங்க. வகைய முன்கூட்டியே காட்டலாங்கிற யோசனையும் அப்பவே பேச்சுல இருந்துச்சு. மாத்தணும்னா நூத்துக்கு அறுபது ஓட்டு வேணும். வரல, எந்தக் கட்டுப்பாடும் இல்லாம டெரா தப்பிச்சுச்சு. ஓட்டுப் போட்டவங்க யாரு? லேடர்ல மேல ஏறின ஆளுங்க. அதாவது டெராவ மறைச்சு வெச்சு ஜெயிச்ச ஆளுங்க. ஒத்தையா ரெட்டையால ஜெயிச்சவன்கிட்ட போய் "கையத் தொறந்து வெச்சு ஆடலாமா?"ன்னு கேட்டா என்ன சொல்லுவான்?

"பாதி பேன், பாதி அனுமதின்னு குழப்பமான விதி போட மாட்டோம்"னு ஒரு சாக்கு அடிக்கடி காதுல விழும். அப்ப 2011ல மழைக்கும் மீனுக்கும் போட்ட விதி என்னவாம்? அது மட்டும் குழப்பம் இல்லையா? வகையக் காட்டுறதுக்கு விதிப் புத்தகத்துல ஒரு வரி போதும். கோடு எழுதறவன் சொல்றேன், ஆறு ஐகான் போடுறது பெரிய ஆணி இல்ல.

எங்க ரூம்ல நாங்க அஞ்சு பேர், ஞாயித்துக்கிழமை ராத்திரி நைட் ஷிப்ட் இல்லாதவங்க மட்டும் ஆடுவோம். விதி இதுதான்: டீம் ப்ரிவ்யூ வந்ததும் சாட்ல ஆறு டெரா வகையையும் டைப் பண்ணணும். பண்ணாம முதல் அடி அடிச்சா தோத்ததாக் கணக்கு. பொய் டைப் பண்ணினா அந்த வாரம் தண்ணி கேன் தூக்குறது அவன்தான். திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் முதல்ல "எலேய், இது என்ன ஆட்டம், பரீட்சைல கொஸ்டின் பேப்பர முன்னாடியே கொடுத்த மாதிரி இருக்கு"ன்னான். மூணு வாரம் கழிச்சு அவனே மூணு டீம் புதுசா கட்டி வெச்சிருந்தான், அதுல ரெண்டு நல்லா அடி தாங்குற டீம். ஓயூ லேடர் பக்கம் அவன் பல மாசமா தொடாத ரகம் அது.

நம்ம பதிவர்கள்ல யாராவது இந்த விதில ஆட ரெடின்னா சொல்லுங்க. சனி, ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல. என் கிங்காம்பிட் டெரா பறவை, இப்பவே சொல்லிட்டேன் :-)